மன்ற மேடைக்கு ஒரு பேஸ் கிட்டார்

நம் மன்ற விழாக்களில் பாட வரும் தோழர்களுக்குக் குரல் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, துணிவும் இருக்கிறது. இல்லாதது பக்க இசை ஒன்றுதான். ஆகவே என்ன நடக்கிறது? ஒருவர் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைக்கிறார். எங்கோ சென்னையில் என்றோ பதிந்து வைத்த 'டிராக்' ஓடத் தொடங்குகிறது. பாடுகிறவர் மூச்சு வாங்க நின்றால் அது நிற்பதில்லை. சுருதி அவருக்கு எட்டாவிட்டாலும் அது இறங்கி வருவதில்லை. இயந்திரம் முன்னே ஓட, மனிதன் பின்னே ஓடுகிறான்! இதையா நாம் இசை நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோம்?

இந்த நிலையை மாற்ற ஒரே ஒரு கருவி போதும் என்கிறேன் நான். அது பேஸ் கிட்டார்.

நண்பர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "பின்வரிசையில் நின்று டிரம்முக்குத் துணை போகும் கருவியல்லவா அது?" என்பர். உண்மைதான். 1951-இல் லியோ ஃபெண்டர் தம் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு எதிர்பார்த்த வேலை ஏறக்குறைய அவ்வளவே. நான்கு தடித்த கம்பிகள். அவற்றுள் மிகத் தடித்தது வினாடிக்கு 41 முறை அதிர்வது. இடக்கை அழுத்த, வலக்கை மீட்ட, ஒரு நேரத்தில் ஒரு சுரம். அதற்குமேல் யாரும் அதனிடம் கேட்கவில்லை.

ஆனால் மீட்டாமலே வாசிக்க வழியுண்டு. வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிட்டார்க்காரர் ஃப்ரெட் என்பர். விரல் நுனியால் கம்பியை அந்த மெட்டின்மேல் சட்டென்று தட்டினால், தட்டிய வேகத்திலேயே சுரம் பிறக்கும். அழுத்தும் விரலே மீட்டும் விரலாகிவிடுகிறது. அப்படியானால் வலக்கை ஏன் கீழே சும்மா காத்திருக்க வேண்டும்? அதுவும் கழுத்துக்கு வரலாம். இடக்கை தடித்த கம்பிகளிலும் வலக்கை மெல்லிய கம்பிகளிலும் தனித்தனியே தட்டலாம். இதுவே இரு கை டாப்பிங். ஜிம்மி வெப்ஸ்டர் 1952-இலேயே கிட்டாருக்கு இந்த முறையைப் பாடநூலாக எழுதினார். 1969-இல் எம்மெட் சாப்மன் இரு கைகளையும் கழுத்துக்கு நேர்குறுக்காக வைக்கும் முறையைக் கண்டு, பின்னர் அதற்கென்றே ஒரு கருவியும் செய்தார். 1988-இல் ஸ்டூ ஹாம் பியானோவுக்கென்று பீத்தோவன் எழுதிய 'மூன்லைட் சொனாட்டா'வைத் தனி பேஸ் கிட்டாரில் தட்டி வாசித்துப் பதிவிட்டார்.

இங்கேதான் எனக்கு நம் இளைஞர்மீது ஒரு குறை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடம் இத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த பிறகு, ஆசிரியர் இல்லாத ஊரிலும் பாடம் கிடைக்கிறது. நல்லது. ஆனால் நாம் பார்ப்பது எதை? இரு கையும் மழையாய்ப் பொழியும் வேகத்தை! பத்து விரலும் ஓடுகின்றன. எந்தச் சுரம் எதனோடு ஏன் சேர்ந்தது என்று கேட்டால் விடையில்லை. டாப்பிங் கற்பவர் முதலில் கற்க வேண்டியது கார்டு இன்வெர்ஷன் என்பதே நான் வற்புறுத்த வந்த செய்தி.

அது என்ன பெரிய மறைபொருளா? ச, க, ப மூன்றும் ஒருங்கே ஒலித்தால் ஒரு கார்டு. ச அடியில் நின்றால் இயல்பு நிலை. க அடிக்கு வந்தால் முதல் இன்வெர்ஷன். ப அடிக்கு வந்தால் இரண்டாவது. சுரங்கள் அவையே, அடித்தளம் மட்டும் மாறுகிறது. (நம் பண்டையோர் பாலை திரித்ததும் இதுவும் ஒன்றென்று மயங்க வேண்டா. அங்கே ஆதார சுரமே இடம் மாறிப் புதுப் பண் பிறக்கும். இங்கே ஆதாரம் அசைவதில்லை.)

கையில் கருவி இருப்போர் செய்து பார்க்கலாம். 'சி'யை ச என்று கொள்க. இடக்கை 'ஏ' கம்பியின் 3-ஆம் மெட்டில் ச. வலக்கை 'டி' கம்பியின் 14-இல் க, 'ஜி' கம்பியின் 12-இல் ப. இனி இடக்கை ஒரு மெட்டு இறங்கி 2-இல் நி. வலக்கை 'டி' கம்பியில் 12-க்கு வந்து ரி, ப அங்கேயே நிற்கட்டும். அடுத்து இடக்கை 'ஈ' கம்பியின் 5-இல் த. வலக்கை 'டி' 10-இல் ச, 'ஜி' 9-இல் க. என்ன நடந்தது? அடிச்சுரம் ச, நி, த என்று படிப்படியாய் இறங்கிற்று. நடுவில் வந்தது ப-வை மூலமாகக் கொண்ட கார்டு; அதன் முதல் இன்வெர்ஷன். அதை இயல்பு நிலையிலேயே வாசித்திருந்தால் அடிச்சுரம் ச-விலிருந்து ப-வுக்குக் குதித்து, மீண்டும் த-வுக்கு ஏறியிருக்கும். குதிப்பது தவறன்று, ஆனால் பாடுகிறவர் தோளில் கைபோட்டு நடப்பது இறங்குகிற அடிதான்.

வலக்கை ஏன் அவ்வளவு மேலே என்று கேட்கலாம். கீழ்ச் சுரங்களை நெருக்கி அடுக்கினால் குழம்பிப் போகும். ச-வும் க-வும் அடித்தொண்டையில் ஒன்றாய் உறுமும். மேற்சுரங்களை விலக்கி வைத்தால் தெளிவு வரும். காதுக்கு இது ஒரு நாளில் விளங்கிவிடும். விரலுக்குத்தான் மாதங்கள் ஆகும். எனக்கு ஆயிற்று. தட்டாத கம்பிகள் கூடவே முனகாதிருக்க, கழுத்தின் மேல்முனையில் ஒரு துணிப் பட்டையைச் சுற்றிக்கொள்வது நலம்.

இளையராஜாவின் பாடல்களில் வளர்ந்த நமக்கு இது புதுமையும் அன்று. 1982-இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா'வின் 'பனிவிழும் மலர்வனம்' பாடலைக் குரலை மறந்து பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடிச்சுரமும் தனியே ஒரு பாட்டுப் பாட வல்லது என்பது தெரியும். நம் விடுதியில் நிக்கோபார் நண்பர்கள் கிட்டாரோடு பல குரலாய்ப் பாடும்போது, கீழ்க்குரல் பாடுகிறவரையும் கவனியுங்கள். அவர் எப்போதும் மூல சுரத்திலேயே நிற்கிறாரா என்ன? இன்வெர்ஷன் கற்க அந்த அறைக் கதவைத் தட்டுவதே எளிய வழி.

"தமிழ் மன்றத்தில் மேலைநாட்டுக் கருவியா?" என்று புருவம் நெரிப்போரும் உளர். வயலின் எந்த நாட்டுக் கருவி? பாலுசாமி தீட்சிதரும் வடிவேலுவும் அதைக் கையில் எடுத்த பிறகு, அது இல்லாமல் நம் பாட்டுக் கச்சேரி உண்டா? மாண்டலினை நமதாக்கிய சீனிவாசை மறந்தோமா? சிலம்பின் வேனிற்காதை யாழ் மீட்டும் வலக்கைக்கும் இடக்கைக்கும் வெவ்வேறு வேலை சொல்கிறது. இரு கையும் கம்பிமேல் உழைப்பதைக் கண்டு தமிழன் திகைக்க வேண்டியதில்லை.

மெய்யான இடையூறு வேறு. உப்புக் காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருவேறுகிறது. துருவேறிய கம்பி தட்டலுக்குத் தெளிவாய்ப் பேசாது. பேஸ் கம்பித் தொகுதியின் விலையோ மாணவன் பையைக் கடிக்கும். இதை ஒருவன் தனியே சுமப்பதைவிட மன்றம் சுமப்பதே முறை.

ஆகவே செயற்குழுவினர்க்கு என் விண்ணப்பம் இது. விழாதோறும் ஒலிப்பெட்டி வாடகைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைச் சேமித்து, பழைய பேஸ் கிட்டார் ஒன்றும் சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்குங்கள். சென்னைக் கப்பலில் வரும் தோழர் யாரிடமேனும் இரண்டு தொகுதிக் கம்பிகளுக்குச் சொல்லி வையுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, கற்க விரும்புவோர்க்கு எனக்குத் தெரிந்த அளவைச் சொல்லித்தர நான் ஒப்புகிறேன். வரும் பொங்கல் விழாவில் முழு நிகழ்ச்சியும் வேண்டா. இரண்டே பாடல்கள், டிராக் இல்லாமல், ஒரு குரலும் ஒரு பேஸுமாக. பாடுகிறவர் எந்தச் சுருதி கேட்டாலும் தருகிறேன். மூச்சு வாங்க நின்றால் நானும் நிற்கிறேன்.