இருபதுக்குப் பன்னிரண்டு

நேற்று முன்தினம் இரவு பேரனோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தபோது சண்டை வந்துவிட்டது. பெரிய சண்டை இல்லை. எழுபத்து நாலு வயதுக்காரனுக்கும் பதினாறு வயதுக்காரனுக்கும் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். விஷயம் ஒரு வீடியோ கேம். சிரிக்காதீர்கள், முழுதும் படியுங்கள்.

"தாத்தா, அது சின்ன கேம். ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. நோட்டும் கம்மி. எதுக்கு டைம் வேஸ்ட்?"

பிரான்சில் பிறந்த பிள்ளை. மார்க்கை நோட் என்றுதான் சொல்வான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த நாங்களும் அப்படித்தான் சொன்னோம். சொல் எனக்குப் பழக்கம்தான். அதை அவன் பயன்படுத்திய விதம்தான் சுருக்கென்றது.

அவன் வேண்டாம் என்ற கேமின் பெயர் ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ். ஜோசப் கான்ராட் எழுதிய நாவலுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. 1998ல் பிரான்சில் அமேசிங் ஸ்டூடியோ என்ற சிறிய குழு செய்தது. தலைவர் எரிக் சாயி. என் அக்கா மகன் 1999 கோடை விடுமுறைக்கு வந்தபோது இரண்டு குறுந்தகடுகளாக அதைக் கொண்டுவந்தான். அப்போதுதான் வீட்டில் கடன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். மின்சாரம் இருந்த நேரமெல்லாம் என் மகளும் அவனும் மாறி மாறி ஆடினார்கள். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, பார்த்தேன்.

கதை எளிமையானது. ஆண்டி என்று ஒரு பையன். இருட்டு என்றால் பயம். வகுப்பில் கவனிக்கவில்லை என்று ஆசிரியர் அவனை இருட்டு அலமாரிக்குள் போட்டு அடைக்கிறார். பள்ளி மணி அடித்ததும் தப்பித்து ஓடுகிறான். அன்று சூரிய கிரகணம். விஸ்கி என்ற அவன் நாயை இருள் இழுத்துக்கொண்டு போகிறது. பையன் தானே செய்த பறக்கும் வண்டியில் ஏறி, இருட்டின் உலகத்துக்கே நாயைத் தேடிப் போகிறான். ஓட வேண்டும், தாவ வேண்டும், பாறையில் தொற்றி ஏற வேண்டும், நீந்த வேண்டும், நிழல் பிசாசுகளைச் சுட வேண்டும். கையில் இருந்த துப்பாக்கியும் பறிபோகிறது. அப்புறம் ஒரு பச்சைச் சக்தி கிடைக்கும்வரை காலும் மூச்சும்தான் துணை.

அந்த அலமாரிக் காட்சியில் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். நான் படித்த பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே சாக்பீஸும் பழைய வரைபடங்களும் போட்டுவைக்கும் ஓர் அறை இருந்தது. எட்டு வயதில் அதற்குள் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னதற்கு. இருட்டில் சுவர் நகர்ந்து கிட்டே வருவதுபோல் இருக்கும். அந்தப் பயத்தை ஒரு கம்ப்யூட்டர் படம் எனக்குத் திருப்பிக் கொடுத்தது, நாற்பது வருஷம் கழித்து. பையன் ஓடும்போது இளைப்பது, விளிம்பில் நின்று தடுமாறுவது, நிழல்கள் சுவரோடு சுவராக ஊர்ந்து வருவது என்று ஒவ்வொரு அசைவையும் யாரோ கைவலிக்க வரைந்திருந்தார்கள். பின்னணி இசை ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்த புரூஸ் பிராட்டன் எழுதியது. நிஜ வாத்தியக் குழுவை வைத்து வாசித்தது. நிழல் பையனை விழுங்கும் இடங்களில் என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். போனவள் அங்கிருந்தே "புள்ள பொழைச்சானா?" என்று கேட்பாள்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு பாறையைத் தாண்டுவதற்கு அக்கா மகன் பத்துத் தடவை செத்தான். எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரும் என்று செத்த பிறகுதான் தெரியும். செத்தால் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். இது அநியாயம் என்று அவன் விசைப்பலகையைக் குத்தியதும் உண்மை. நடுவில் வரும் பறக்கும் தோழர்களின் கோமாளித்தனம் எனக்கு ஒட்டவில்லை. வழி தெரிந்தவர் ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்பதும் உண்மை. விமர்சகர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பில் இருந்த உண்மைகள் சரி. அவற்றின் கீழே எழுதிய உத்தரவு தப்பு.

முதலில், தாமதம் என்ற குற்றச்சாட்டு. ஆறு வருஷம் உழைத்துச் செய்தார்கள். தொடங்கியபோது பக்கவாட்டில் ஓடும் தட்டைப் படம்தான் உலகம். முடித்தபோது, 1996லேயே சூப்பர் மரியோ 64, டூம் ரெய்டர் எல்லாம் வந்து, முப்பரிமாணம் இல்லாதது எல்லாம் பழசு என்றாகிவிட்டது. வந்த விண்ணப்பத்தைப் படிக்காமல் தபால் முத்திரைத் தேதியைப் படித்தார்கள். எனக்கு இது நன்றாகப் புரியும். அந்த வேலையை நானே முப்பத்து நாலு வருஷம் பார்த்தவன். இன்று அந்தத் தேதியால் யாருக்கு என்ன? அன்று புதுமை என்று கொண்டாடிய எத்தனையோ முப்பரிமாண முகங்கள் இப்போது அட்டைப்பெட்டிபோல் இருக்கின்றன. ஆண்டியின் முகம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது, சின்னது என்ற குற்றச்சாட்டு. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. துணிக்கடையில் மீட்டர் பார்க்கலாம், பால்காரனிடம் லிட்டர் பார்க்கலாம். இத்தனை பணத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவது பொருளாளர் வேலை, ரசிகர் வேலை இல்லை. இதே எரிக் சாயி 1991ல் அனதர் வேர்ல்ட் என்று ஒன்றை ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்தார். அதுவும் குட்டைதான், அதிலும் செத்துச் செத்துத்தான் கற்க வேண்டும். 2012ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகப் பதினாலு வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது அதில் அனதர் வேர்ல்டும் ஒன்று. அருங்காட்சியகத்தில் யாரும் மீட்டர் அளக்கவில்லை.

"வீடியோ கேமெல்லாம் கலையா சார்?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சிவாஜியை செவாலியே சிவாஜி ஆக்கிய அதே பிரெஞ்சு விருதை, 2006ல் அந்நாட்டுக் கலாசார அமைச்சர் மூன்று வீடியோ கேம் கலைஞர்களுக்குக் கொடுத்தார்: மிஷேல் ஆன்செல், ஃப்ரெதெரிக் ரேனால், ஜப்பானியரான ஷிகேரு மியாமோட்டோ.

நோட்டுக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் எல்லாம் இருபதுக்கு. பத்து எடுத்தால் தேறிவிட்டாய். பன்னிரண்டு என்றால் 'அசே பியென்', பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. பதினாறுக்கு மேல் போனால் வீட்டில் பாயசம். இருபது கடவுளுக்கு என்பார் எங்கள் பிரெஞ்சு வாத்தியார். பன்னிரண்டு வாங்கிய பையன் தலைநிமிர்ந்து நடந்தான். அது ஒரு கௌரவமான எண்.

அந்த எண்ணை எப்படிக் கொன்றார்கள் என்பதை அரசாங்கத்தில்தான் பார்த்தேன். நிர்வாகப் பிரிவில் ரகசிய அறிக்கைகள் வைத்த அலமாரிச் சாவி சில வருஷம் என்னிடம் இருந்தது. அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், ஆவரேஜ் என்று தரம். குட் என்றால் நல்லவன் என்றுதானே அர்த்தம்? ஆனால் பெரிய பதவிகளுக்கு வெரி குட் இருந்தால்தான் பரிசீலனை. ஒரு பொறியாளர், நேர்மையானவர், மழைக்காலத்தில் இரவெல்லாம் மதகடியில் நின்றவர், ஒரே ஒரு வருஷம் குட் வாங்கியதால் பின்தங்கினார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் கோப்பை மூடி அலமாரியில் வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். அவரைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றும் எனக்குப் பேச்சு வராது. எல்லைச் சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர் போட்ட வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றமே சொன்னது: வெரி குட் தேவைப்படும் இடத்தில் குட் என்பது பாதகமான குறிப்புதான், அதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று.

வீடியோ கேம் உலகத்திலும் அதே கதை. மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் பல விமர்சகர்களின் மார்க்கைக் கூட்டிச் சராசரி போட்டு வண்ணம் பூசுகிறது. சினிமாவுக்கு 61 இருந்தால் பச்சை. வீடியோ கேமுக்கு 75 வேண்டும். அதாவது ஒரே எழுபது, திரைப்படமானால் தேர்ச்சி, விளையாட்டானால் மஞ்சள். ஏழு என்று மனதார எழுதிய விமர்சகரின் ஏழு, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோல்வி ஆகிவிடுகிறது. வெறும் வண்ணம்தானே என்று விடவும் முடியாது. 2010ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் கேமுக்கு 85 கிடைத்தால் செய்தவர்களுக்கு போனஸ் என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. போனஸ் இல்லை என்று அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012ல் வெளியே சொன்னார். ஒரு மார்க்!

எரிக் சாயி ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ் முடித்த கையோடு அந்தத் தொழிலை விட்டு விலகினார். எரிமலைகளைப் பார்க்கப் போனார். அடுத்த பெரிய கேமான ஃப்ரம் டஸ்ட் வந்தது 2011ல்தான். விமர்சகர்கள்தான் விரட்டினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆறு வருஷ உழைப்பே ஒரு மனிதனைத் தீர்த்துவிடும். ஆனால் உழைத்தவன் வீடு திரும்பும்போது வாசலில் நின்று "ஏன் இவ்வளவு குட்டை?" என்று கேட்பது எந்த ஊர் மரியாதை?

இவ்வளவையும் பேரனிடம் சொன்னேன். பாதியில் அவன் ஏதோ சாப்பிட ஆரம்பித்துவிட்டான். கடைசியில், "சரி தாத்தா, நீ எத்தனை நோட் போடுவே?" என்றான். யோசித்தேன். பாறையில் செத்த பத்துச் சாவையும் கழித்துவிட்டு, "இருபதுக்குப் பன்னிரண்டு" என்றேன். "அப்ப சுமார்தானே!" என்று சிரித்தான்.

டிசம்பரில் வருகிறான். அந்த இரண்டு தகடுகளையும் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தாயிற்று. இப்போதைய கம்ப்யூட்டரில் அப்படியே ஓடாதாம். தெருமுனைக் கடைத் தம்பி ஏதாவது வழி செய்கிறேன் என்று வாங்கிப் போயிருக்கிறான்.