ராம் விலையேற்றம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கணினியை அசெம்பிள் செய்து விற்கும், பழுது பார்க்கும் சிறு கடைக்காரர்களின் சங்கம் எங்களுடையது. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து கணினி நினைவகமான ராமின் விலை ஏறிய வேகத்தில், காலையில் கொடுத்த கொட்டேஷன் மாலையில் நிற்பதில்லை. வாடிக்கையாளர் கோபப்படுவது எங்களிடம்தான். அவருக்கு ஒளிவுமறைவில்லாத விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ராம் செய்யப் பயன்படுவது டிராம் சில்லு. உலகில் விற்கும் டிராம் சில்லுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற 3 நிறுவனங்களுடையவை. ஜெர்மனியின் கிமோண்டா 2009-இலும் ஜப்பானின் எல்பிடா 2012-இலும் நொடித்துப்போயின. எல்பிடாவை மைக்ரான் வாங்கிக்கொண்டது. மிஞ்சியவர்களும் 2023-இல் சரக்குத் தேங்கித் திணறினார்கள். எஸ்கே ஹைனிக்ஸுக்கு அந்த ஓராண்டில் 7.7 லட்சம் கோடி வோன் இயக்க நட்டம். சூடுபட்டவர்கள் உற்பத்தியைக் குறைத்தார்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பசி அதன் பிறகு பெருகியது.

அந்த மையங்கள் கேட்பது அடுக்கடுக்காகக் கட்டிய ஹெச்பிஎம் நினைவகம். அதே கொள்ளளவுக்கு, சாதாரணக் கணினிகளில் போடும் டிடிஆர்5 ராமைப் போல ஏறத்தாழ 3 மடங்கு வேஃபர் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு) அதற்குப் பிடிக்கும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அங்கே ஒரு ஜிபி கூடினால் நம் மேசைக் கணினிக்கு வந்திருக்க வேண்டிய 3 ஜிபி போகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் பெயரில் நடத்திய சில்லறை வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. புதிய ஆலை எழுந்து சில்லு வெளிவர ஆண்டுகள் ஆகும்.

தட்டுப்பாடு உண்மைதான். ஆனாலும் கண்காணிப்பு வேண்டும். 1998 முதல் 2002 வரை கூடிப்பேசி விலை வைத்ததற்காக டிராம் நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் 2010-இல் 33 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் சாம்சங் மட்டும் 2005-இல் 30 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. இன்றும் அதுவே நடக்கிறது என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை. வெளிநாட்டில் நடப்பது இந்தியச் சந்தையைப் பாதித்தால் விசாரிக்க நம் போட்டி ஆணையத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. ராம் விலையை அது இப்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும்.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலைக்குத் திட்டச் செலவில் 50 விழுக்காட்டை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் தருவதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே நடப்பது சில்லுகளைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலை; வேஃபர் அங்கே உருவாவதில்லை. அதனால் அந்த ஆலையால் விலை இறங்கிவிடும் என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் மக்கள் பணம் இவ்வளவு போயிருக்கும்போது, அங்கிருந்து வெளிவரும் சரக்கில் ஒரு பங்கு உள்நாட்டுச் சிறு வணிகத்துக்கு வரவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. இதை நாங்கள் விடாமல் கேட்போம்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. முன்பணம் வாங்கிய ஆர்டரை ஒப்புக்கொண்ட விலைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும். பழைய கணினியில் கழற்றிய ராமைப் புதியதென்று விற்பவர், விலை ஏறட்டும் என்று சரக்கைப் பதுக்குபவர் யாராயினும் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். 8 ஜிபியே போதும் என்றிருக்கும் வாடிக்கையாளரிடம், இப்போது கூட்ட வேண்டாம், பொறுத்திருங்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும்.