ஏழு தடவை போதுமா?

பஸ்ஸில் நம் காலை மிதித்துவிட்டவர், "மன்னிக்கணும்" என்கிறார். "பரவாயில்லை" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். செலவில்லாத காரியம்! ஆனால், பத்து வருஷத்துக்கு முன்பு கல்யாணப் பந்தலில் நாத்தனார் சொன்ன ஒரு சொல்லை மன்னிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். "அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன்" என்போம். அன்று அவள் உடுத்தியிருந்த புடவையின் நிறம் முதற்கொண்டு ஞாபகம் இருக்கும்!

மன்னிப்புக்கு ஓர் எல்லை வேண்டாமா என்று கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் நம் சென்னையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏசுநாதரின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். ராயபுரத்துக்கு அவரால்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. அவரும் வலை வீசிப் பிழைத்தவர்; காசிமேட்டுக்காரர்களுக்கு ஏற்ற காவலர்தான்.

தீங்கு செய்தவனை ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று அவர் கேட்டார். ஏழல்ல, ஏழு எழுபது தடவை என்றார் ஏசு. எண்ணிக்கொண்டே வந்து 491-ஆவது தடவை பழி வாங்குவதற்காக அல்ல. கணக்கு நோட்டையே மூடிவிடு என்பதற்காக.

சில நாளில் அந்தக் கேள்வி ராயப்பரிடமே திரும்பி வந்தது. ஏசுவைப் பிடிக்கக் காவலர் வந்த இரவில், அவர் கத்தியை உருவினார். ஏசு அதை உறையில் போடச் சொன்னார். தப்பி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. பறிபோன உயிர் அல்ல அது, மனமுவந்து கொடுத்த உயிர் என்பதே பெரிய வெள்ளிக்கிழமையின் பொருள். அதே இரவில், கரி நெருப்பண்டை குளிர் காய்ந்துகொண்டு, "அந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது" என்று மூன்று தரம் சாதித்தார் ராயப்பர். பிறகு கோழி கூவிற்று, தேம்பி அழுதார்.

ஏசு உயிர்த்தெழுந்த பிறகு நடந்ததை யோவான் எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத சீடர்களுக்காக, விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்திருந்தார் ஏசு. முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. "என்னிடம் அன்பு இருக்கிறதா?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று மறுப்புக்கு மூன்று பதில். ஒன்றும் நடக்காதது போல மூடி மறைக்கவுமில்லை, குத்திக் காட்டவுமில்லை.

"இதெல்லாம் தெய்வத்துக்குச் சரி, மனிதர்களால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். கேரளத்தில் பிறந்த ராணி மரியா என்ற கன்னியாஸ்திரீ, மத்தியப் பிரதேசத்து ஏழைக் கிராமத்தாரை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் ஏவிவிட்ட சமுந்தர் சிங் என்பவன், 1995 பிப்ரவரி 25-ஆம் தேதி, இந்தூருக்குப் போகும் வழியில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவருக்கு வயது 41. கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-ல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்குப் போய், அவன் கையில் ராக்கி கட்டி, "நீ என் சகோதரன்" என்றார். பெற்ற தாயும் போய், மகளைக் குத்திய அந்தக் கையையே முத்தமிட்டார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் 2006-ல் அவன் விடுதலையானான். 2017-ல் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் மாயமாகிவிடாது; கொடுத்தவர் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான். தியாகமும் மன்னிப்பும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். கொலைகாரன் 11 வருஷம் சிறையில் இருந்ததும் உண்மை. மன்னிப்பு நியாயத்தைக் கொன்றுவிடவில்லை.

சகோதரிகளே, "பொறுத்துப் போ, நீ பெண்தானே!" என்று நமக்குச் சொல்லப்படும் உபதேசம் இதுவல்ல. செல்மி பாலின் கையை யாரும் பிடித்து ராக்கி கட்ட வைக்கவில்லை. மனமுவந்து கொடுத்தால் தியாகம். பிடுங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. அடிபடுகிறவளிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்குவதற்கு முன், அடிக்கிற கையைத் தடுப்பதுதான் சுற்றியுள்ளவர்களின் கடமை.

நோட்டை மூடுவது நம் கையில் இருக்கிறது. எப்போது மூடுவது என்பதும்தான். ராயபுரம் பக்கம் போக நேர்ந்தால் பெயர்ப் பலகையைச் சற்றுப் பாருங்கள். மூன்று தரம் கைவிட்டும் மன்னிக்கப்பட்டவரின் பெயர் அது.