கொண்டு போகிறவரே சமைக்கட்டும்!

எனக்கு வயது 37. பிளஸ்-டூ வரை படித்த இல்லத்தரசி. கணவரின் வேலை காரணமாகப் பதினோரு வருடமாக அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறோம். இந்தப் பகுதியில் தோழியர் பலர் சமையலைப் பற்றியும் எழுதுகிறீர்கள், வீட்டுக்காரரைப் பற்றியும் எழுதுகிறீர்கள். இரண்டும் சேர்ந்த விஷயம் ஒன்றை நான் சொல்கிறேன்.

இங்கே ஆபீஸ்களில் 'பாட்லக்' என்று ஒன்று நடக்கும். நம்மூர் கூட்டாஞ்சோறு மாதிரிதான். ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து, நீள மேஜையில் வைத்து, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஆபீசில் நவம்பரில் ஒரு தடவை, கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு தடவை. பெயர் கொடுப்பது அவர், சமைப்பது நான்! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வடை சுட்டு அனுப்புவேன். மதியத்துக்குள் அது சவசவ என்று ஆகிவிடும். பாதி திரும்பி வரும்.

ஒரு வருஷம் அவரே 'ஸ்லோ குக்கர்' வாங்கி வந்தார். கனமான பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சுற்றிலும் மெல்லிய கரண்ட் சூடு. 1971-ல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் இங்கே கடைக்கு வந்த சாமான். எங்கள் அப்பத்தா வறட்டித் தணலில் பால் சட்டியை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். மதியம் வந்து பார்த்தால் பால் சிவந்து, ஏடு கட்டியிருக்கும். அதே தத்துவம்தான். ராத்திரி போட்டு மூடினால் காலையில் தயார். சட்டியோடு தூக்கிப்போய் ஆபீசில் பிளக்கைச் செருகினால் மதியம் வரை சூடாகவே இருக்கும். என் வேலை குறைந்தது. அவருக்கோ இருந்த கொஞ்ச வேலையும் போயிற்று. மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போவார்.

2023 நவம்பரில் வெஜிடபிள் குருமா வைத்தேன். கெட்டியாக இருக்கட்டும் என்று பதினைந்து முந்திரிப் பருப்பை ஊறவைத்து அரைத்து ஊற்றினேன். மேஜையருகே ஒரு அமெரிக்கப் பெண்மணி, "இதில் முந்திரி, பாதாம் மாதிரி ஏதாவது உண்டா?" என்று இவரிடம் கேட்டிருக்கிறார். "இல்லை, காய்கறிதான்" என்று இவர் தைரியமாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டதும் அந்த அம்மாவுக்கு உதடு வீங்கி மூச்சு திணறிவிட்டது. கைப்பையில் வைத்திருந்த பேனா மாதிரியான ஊசியை எடுத்துத் தொடையில் குத்திக்கொண்டாராம். ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போனது. அன்று ராத்திரியே நலமாக வீடு திரும்பிவிட்டார். கடவுள் புண்ணியம்.

இவர் வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா, அதுல முந்திரி போட்டியா?" என்றார். "ஆமாங்க, குருமான்னா போடாமலா?" என்றேன். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போட்டது என் கை. இல்லையென்று சொன்னது அவர் வாய். தப்பு யார் மேல்?

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றிருந்தால் போதும். ஆனால் 'எங்கள் வீட்டு அயிட்டம்' என்று பெருமையோடு வைத்தவருக்கு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன் தோழியரே, நாலு பேர் சாப்பிடக் கொண்டு போகிறவரே அதைச் சமைக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

'ஆண்களுக்கு வராது' என்று சொல்லாதீர்கள். ஸ்லோ குக்கருக்குக் கைப்பக்குவமே வேண்டாம். இப்போது என் வீட்டுக்காரர் செய்வது கொண்டைக்கடலை குழம்பு. இரண்டு கப் கடலையைக் காலையிலேயே ஊறப்போட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வெங்காயம், இஞ்சி, பூண்டு, கடலை முழுகத் தண்ணீர் சேர்த்து 'லோ'வில் வைத்தால் காலை ஆறு மணிக்கு மெத்தென்று இருக்கும். அப்புறம் தக்காளியையும் மசாலாவையும் வதக்கிக் கொட்டி, உப்புப் போட்டு, 'ஹை'யில் ஒரு மணி நேரம். முதல் தடவை தக்காளியை ராத்திரியே போட்டுவிட்டார். புளிப்பு சேர்ந்தால் கடலை வேகாது. கல்லு மாதிரி இருந்தது!

ராஜ்மா செய்தால் ஜாக்கிரதை. அதை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. சரியாக வேகாத ராஜ்மாவில் ஒரு விஷப்பொருள் உண்டு, வாந்தி பேதி ஆகிவிடும். அந்த மெல்லிய சூட்டில் அது அழியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே போட வேண்டும். அடிக்கடி மூடியைத் திறக்கக் கூடாது. ஆறிப்போனதைச் சூடு பண்ணவும் இது ஆகாது. அடுப்பில் கொதிக்க வைத்துத்தான் இதில் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, சட்டி பக்கத்தில் ஒரு சீட்டு. என்னென்ன போட்டது என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே பல விஷயம் புரிந்தது. பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. நல்லெண்ணெய் என்றால் எள். எள் ஆகாதவர்களும் இருப்பதால், 2023 ஜனவரி முதல் இங்கே பாக்கெட் உணவில் எள் இருந்தால் அதையும் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மாமியாருக்குப் போனில் சொன்னபோது, "ஆம்பளைய அடுப்படியில விட்டுட்டியா?" என்று கோபித்துக்கொண்டார். "அத்தை, அவர் சமைக்காததாலதான் ஒரு உயிரே போகத் தெரிஞ்சுது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கடலையில சோம்பு தட்டிப் போடச் சொல்லு" என்றார்.

போன டிசம்பர் பாட்லக்கில் அந்த அம்மா சீட்டைப் படித்துவிட்டு, இவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி கடலைக் குழம்பு போட்டுக்கொண்டாராம். அதை வந்து சொல்லும்போது இவர் கண் கலங்கியது.

நம்மூர் கம்பெனிகளிலும் இப்போது பாட்லக் நடக்கிறது என்று என் தங்கை சொன்னாள். உங்கள் வீட்டில் கணவரோ மகனோ பெயர் கொடுத்துவிட்டு வந்தால், கரண்டியை அவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள், போதும்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நியூஜெர்சி.