மனு எழுதிய கைக்கு என்ன மதிப்பெண்?

கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் இப்போது பாடத்தில் மட்டும் கேள்வி கேட்பதில்லை. 'ஒரு குழுவை நீங்கள் வழிநடத்திய சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்', 'உங்களோடு ஒத்துப்போகாதவரை எப்படிச் சமாளித்தீர்கள்?' என்றும் கேட்கிறார்கள். ஒருவர் நேற்று நடந்துகொண்டதை வைத்து நாளை எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்கும் முறை இது. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கையும் பதிலில் தேடி மதிப்பெண் போடுகிறார்கள்.

நம் பிள்ளைகளிடம் இதற்குப் பதில் இல்லையா? மயானப் பாதையில் வேலி விழுந்தபோது பெரியவர்களைக் கூட்டி, மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பாதையைத் திறக்கவைத்த மாணவர்கள் நம் தெருக்களில் உண்டு. கல்லூரியில் கலைவிழா நடத்துவதைவிடப் பெரிய காரியம் அது. ஆனால் அதைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். தனி மயானம் என்றதுமே எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதனால் அந்தப் பிள்ளை அதை விழுங்கிவிட்டு, யாரோ சொல்லிக்கொடுத்த கலைவிழாக் கதையைத் தடுமாறித் தடுமாறிச் சொல்கிறது. படிவத்தில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று பதிவாகிறது.

இந்தப் பயம் கற்பனை அல்ல. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயர்களோடு ஒப்பிட்டால், தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் டெல்லி வட்டார நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசி எழுதினார்கள். தகுதிதான் முக்கியம் என்று சொன்னவர்களே, 'குடும்பப் பின்னணி' பார்ப்போம் என்றும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெருமளவு ஒழிந்தது. அதனால் இங்கே 'அப்பா என்ன செய்கிறார்?', 'அந்த ஊரில் எந்தத் தெரு?' என்று சுற்றி வருகிறார்கள். கணக்கு எழுதும் வேலைக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

நேர்காணலே கூடாது என்பதல்ல நம் வாதம். மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது. தனியார் எடுக்கப் போவதில்லை, அங்கே இடஒதுக்கீடும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிய படிவம், இரண்டு மூன்று பேர் தனித்தனியே போடும் மதிப்பெண் என்று ஒழுங்காக நடத்தினால், அரட்டையாக நடக்கும் நேர்காணலைவிட இந்த முறை நமக்கு நல்லதே. கெடுப்பது கடைசியில் வரும் 'நமக்கு ஒத்துவருவாரா?' என்ற கட்டம். அதற்கு அளவுகோல் கிடையாது. ஆங்கில உச்சரிப்பு, சட்டை, உட்காரும் விதம் எல்லாம் அதற்குள் புகுந்துகொள்ளும்.

தம்பிகளே, தங்கைகளே, மயானப் பாதைக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. துணிச்சலுக்கு விலை கொடுக்கப் போவது நீங்கள். வெளியே நின்று வீரம் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் இல்லாத கதை வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். 'ஒரு பொதுப் பாதை அடைபட்டது. 40 வீடுகளில் கையெழுத்து வாங்கினேன், 3 அலுவலகங்களுக்குப் போனேன், 2 மாதத்தில் திறந்தது' என்று ஊர், தெரு பெயரில்லாமலும் சொல்லலாம். 'நாங்கள்' என்றே சொல்லிப் பழகிய நமக்கு 'நான் செய்தேன்' என்பது கூச்சமாக இருக்கும். மதிப்பெண் அதற்குத்தான். விடுதிச் சாப்பாட்டுக்காகக் காப்பாளரிடம் பேசியதும், நடவு வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வு எழுதியதும் இந்தக் கணக்கில் சேரும்.

கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வளாகத்துக்குள் வரும் நிறுவனத்திடம் மதிப்பெண் படிவத்தை முன்னதாகவே கேட்டு வாங்கட்டும். 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தை விண்ணப்பத்திலிருந்து நீக்கச் சொல்லட்டும். இந்த ஆண்டுத் தேர்வுகள் தொடங்கும் முன்பே இதைக் கேட்டு மாணவர்கள் முதல்வரிடம் ஒரு மனு கொடுக்கலாம். மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.