செஸ் வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும்



பெட்ரோல் பங்கில் மொபெட்டுக்கு ஒரு லிட்டர் போட்டு வாங்கும் ரசீதில் அளவு இருக்கும், விலை இருக்கும். வரி எவ்வளவு, அது யாருக்குப் போகிறது என்பது இருக்காது. மாநிலத்தின் வாட் வரியை விட்டுவிடுவோம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி (இதுவும் ஒரு சர்சார்ஜ்தான்) என்ற பெயர்களில் வந்தவை.

பெயரில்தான் விஷயமே இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பரிந்துரைத்த 41 சதவீதம், பகிர்வுக்குரிய வரிகளுக்கு மட்டுமே பொருந்தியது. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு செஸ், சர்சார்ஜ் இரண்டையும் அந்தப் பகிர்விலிருந்து விலக்கிவிட்டது. ஆக, அந்த 1 ரூபாய் 40 காசில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 57 காசு. அதில் தமிழ்நாட்டின் அப்போதைய பங்கான 4.079 சதவீதத்தைக் கணக்கிட்டால் இரண்டு காசு சொச்சம்.

ஆனால், பெரும்பாலான பள்ளிக்கூடங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நடத்துவது மாநிலங்கள்தான். செஸ் வரிக்குக் காலவரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் பகிர்வில் சேருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைக் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், விருதுநகர்