உறையிட்ட வாகனமும் ஓய்ந்த ஜெபமும்



241 கிலோ எடையுள்ள சூப்பர் மீட்டியார் 650 போன்றதொரு க்ரூஸர் மோட்டார் சைக்கிளை வாங்குவது ஒருநாள் மகிழ்ச்சி. பராமரிப்பதோ பல்லாண்டுப் பொறுப்பு. ஓட்டாமல் உறையிட்டு வைத்தால் பழுதாகாது என்று எண்ணாதிருங்கள். பேட்டரி தானே வலுவிழக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆகவேதான், ஓடிய தூரம் குறைவாயினும், சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுகிறார்கள். மாற்றாவிட்டால், மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பிரேக் பிடிக்காமற்போகக்கூடும்.

நமது விசுவாச ஜீவியமும் அவ்வாறே. பண்டிகைக்கு மட்டும் ஆலயம் வருவது நம்மைக் காக்காது என்பதே என் துணிபு. ஜெபமின்றிக் கழியும் நாட்களில் ஒன்றும் நேராததுபோல் தோன்றும். சோதனையின் இறக்கத்திலேயே குறை வெளிப்படும். புத்தியுள்ள கன்னிகைகள் எண்ணெயை முன்னமே ஆயத்தமாக வைத்திருந்தார்கள் அல்லவா? இன்றே முழங்காற்படியிடுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.